கிணற்றில் விழுந்த தீர்ப்பு

கைபேசி விடாமல் அடித்தது.

கறுப்புக் கோட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்த தாட்சாயினி, அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தாள்.

"அம்மா... நான் சிவலட்சுமி பேசுறேன்."

"சொல்லுங்கோ அக்கா."

"அவரு கெணத்துல கெடக்குறாரும்மா..."

"எந்தக் கிணத்தில?"

அந்தக் கேள்வியை நினைத்து அவள் பிறகு பல இரவுகள் தூங்கவில்லை. கணவன் செத்துக் கிடக்கிறான் என்று ஒருத்தி சொல்கிறாள். ஐயோ என்று வரவில்லை. எந்தக் கிணறு என்று வந்தது!

"நம்ம கேசுக் கெணத்துலதாம்மா."

வவுனியாவிலிருந்து செட்டிகுளம் வரைக்கும் ஸ்கூட்டி பறந்தது. அவள் மனம் அதற்கு முன்னால் பறந்தது.

வீரையா. சிவலட்சுமியின் கணவர், வழக்கின் முதலாவது வாதி. பழைய பற்றரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் தொழிற்சாலை ஒன்று, கழிவை ஊருக்குள் விட்டது. பொதுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த அவர் பேத்திக்கு, பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் பேச்சு வரவில்லை. அவளைப் போல இன்னும் பல பிள்ளைகள். இரத்தத்தில் ஈயம்.

வழக்குப் போட்டதும் கம்பனி கழிவை நிறுத்தியது. முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டது. மழை வந்து தண்ணீரைத் தெளிய வைத்தது. மற்றக் கிணறுகளைச் சனம் வருசா வருசம் இறைத்துச் சேறு அள்ளிவிடும். பொதுக் கிணறு மட்டும் நீண்ட காலம் இறைக்காமல் கிடந்தது. அதன் அடிச்சேறுதான் மிஞ்சிய ஒரே சாட்சி.

தண்ணீர் மறந்துவிடும். சேறு மறக்காது.

நீதிபதி கிணற்றைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டச் சொன்னார். கொழும்பிலிருந்து பரிசோதனைக்காரர் வந்து சேறு எடுக்க வேண்டிய நாள்... நாளை.

இன்றைக்கு வீரையா பிணம்!

யார் செய்தது என்று யோசிக்க அவளுக்கு மூளை தேவைப்படவில்லை.

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

இயந்திரம் ஒன்றின் இரைச்சல்.

தாட்சாயினி ஸ்கூட்டியைச் சரியவிட்டு ஓடினாள்.

மஞ்சள் நாடா அறுந்து வேலியில் தொங்கியது. கிணற்றுக் கட்டைச் சுற்றி ஊர் ஆண்கள். பம்பின் தடித்த குழாய் கடைசித் தண்ணீரைக் கக்கியது. வினோதன், வீரையாவின் பக்கத்து வீட்டுக்காரன், மார்பு வரை சேற்றோடு கயிற்றில் ஏறி வந்தான்.

"நிப்பாட்டுங்கோ!"

"முடிஞ்சுது லோயர் அம்மா. அடியில கல்லுத் தெரியுது."

"ஆரைக் கேட்டு இறைச்சனீங்கள்? கோட்டுக் கட்டளை இருக்கெல்லோ?"

"பிரேதம் கிடந்த கிணறு. இறைக்காமல் விடேலுமோ?"

"இது ஒருத்தரும் குடிக்காத கிணறு, வினோதன். நீங்கள் பவுசர் லொறியில வாற தண்ணிதானே குடிக்கிறியள்?"

"குடிக்கிறமோ இல்லையோ... செத்த தண்ணியை அப்பிடியே விட்டால் ஊருக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியாததோ?"

தெரியும். அவளும் கிணற்றடியில் வளர்ந்தவள்தான். நாடா, முத்திரை, கட்டளை எல்லாவற்றுக்கும் மேலே இந்தச் சனத்திடம் இன்னொரு சட்டம் இருந்தது. அதற்கு மேன்முறையீடு கிடையாது.

"பொலிஸ்?"

"பொலிஸ் சாஜன் வந்தவர். வழுக்கி விழுந்ததெண்டு எழுதிக்கொண்டு போட்டார். பிரேதம் ஆசுப்பத்திரியில."

"சேறு எங்க?"

வினோதன் பற்றைப் புதரைக் காட்டினான். அள்ளிக் கொட்டிய சேற்றின் மேலேயே இறைத்த தண்ணீரும் பாய்ந்து, வாய்க்காலோடு போய்க்கொண்டிருந்தது. கிணறு கழுவப் போட்ட குளோரின் மணம் மூக்கில் ஏறியது.

குந்தியிருந்து ஒரு பிடி அள்ளினாள். கறுப்பாக, குளிராக இருந்தது. உள்ளங்கையில் இருப்பது ஈயம்தான். ஆனால் பற்றைக்குள் பொறுக்கிய சேற்றுக்கு நீதிமன்றத்தில் வாய் இல்லை.

"இந்த மிசின் ஆரின்ர?"

"பள்ளிக்கூடத்தில படமெடுக்கிற சூட்டிங் ஆக்கள் தந்தவை. மழைச் சீனுக்குக் கொண்டுவந்ததாம்."

கைபேசி மறுபடியும் அடித்தது. கம்பனியின் சட்டத்தரணி ராஜரத்தினம்!

"மிஸ், கேள்விப்பட்டன். ஆழ்ந்த அனுதாபங்கள்."

"வேகமாத்தான் கேள்விப்படுறியள்."

"சின்ன ஊர்தானே? கிணத்தையும் வடிவாத் துப்பரவாக்கிப் போட்டினமாம். நல்ல சனம். நாளைக்குக் கொழும்பில இருந்து வாறவைக்குத் தேத்தண்ணி போட அந்தத் தண்ணியையே எடுக்கலாம்."

"ஒரு மனுசனைக் கொலை செய்துபோட்டுப் பகிடி விடுறியளோ?"

"அதைக் கோட்டில சொல்லுங்கோ மிஸ். சாட்சியோட."

தொடர்பு அறுந்தது.

அவர்களுக்கு வீரையா தேவைப்படவில்லை. ஒரு பிணம் தேவைப்பட்டது. பிணத்தைப் போட்டால் போதும், மிச்ச வேலையை ஊரே செய்து முடிக்கும்... இதைக் கணக்குப் போட்டவன் இந்த மண்ணை அறிந்தவன். பம்பைத் தயாராக வைத்திருந்தவன்.

படக்காரன் லக்ஷன்!

பள்ளிக்கூட மண்டபத்தில் நீதிமன்ற செட் போட்டிருந்தார்கள். மட்டைப் பலகையில் நீதிபதியின் மேடை. லக்ஷன் மொனிற்றர் முன்னால் தனியே இருந்தான். கொழும்பில் விளம்பரப் படம் எடுத்தவன். நடக்கிற வழக்கையே படமாக எடுக்கிறேன் என்று ஊருக்கு வந்தவன்.

"உலகம் முழுக்க இப்பிடிப் படங்கள் வருது அக்கா," என்று முதல் நாள் சொன்னான். "எல்லாம் உண்மையா நடந்த வழக்கு. ஒரு கம்பனி, ஒரு நஞ்சு, ஒரு லோயர். கடைசியில லோயர் வெல்லுவா."

அந்தக் கடைசி வசனம் அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னை நடிக்க வந்த பெண்ணுக்குத் தன் மூக்குக் கண்ணாடி போலவே ஒன்று தேடிக் கொடுத்தாள். அன்றிரவு கண்ணாடி முன் நின்று, அந்தப் பெண் பேசப்போகும் வாதத்தைத் தான் பேசிப் பார்த்தாள். யாருக்கும் தெரியாது.

"கம்பனியிட்ட எவ்வளவு வாங்கினனீ?"

லக்ஷன் எழுந்தான். "என்னக்கா கதைக்கிறியள்?"

"பம்பை ஏன் குடுத்தனீ?"

"சிவலட்சுமி அம்மா வந்து கேட்டவா. செத்த வீட்டுக்காரர் கேக்கேக்க இல்லையெண்டு சொல்லேலுமோ?"

சிவலட்சுமியா?

"பொய் சொல்லாதை."

"பொய்யெண்டால் அவாவையே கேளுங்கோ. வீரையா ஐயா நேற்று முழுக்க இங்கதான் இருந்தவர். பாருங்கோ."

மொனிற்றரில் ஓடவிட்டான். படத்து வீரையா கிணற்றில் மிதந்தார். ஊர் அழுதது. வெட்டு. படத்து நீதிபதி எழுந்து நின்று தீர்ப்பு வாசித்தார். கம்பனிக்குப் பூட்டு. பிள்ளைகளுக்கு வைத்தியம். துணை நடிகர்களாக இருந்த ஊர்ச் சனம் கை தட்டியது. முன்வரிசையில் உண்மையான வீரையா. அவர் தட்டவில்லை. வாய் பிளந்து நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாட்சாயினி திரையை உற்றுப் பார்த்தாள். ஏதோ ஒன்று குறைந்தது.

"பிரேதம் எடுத்தாப் பிறகு கிணறு இறைக்கிற சீன் எங்க?"

"எழுதினனான். பிறகு வெட்டிப்போட்டன். அழுகை காயமுதல் கோட்டுக்குப் போகோணும் அக்கா. இல்லாட்டிப் படம் இழுக்கும்."

செத்த வீட்டில் பிரேதம் இன்னும் வரவில்லை. அதைக் கிடத்த ஒரு வெற்று வாங்குப் பலகை காத்திருந்தது. பேச்சு வராத பேத்தி ஒரு கதிரையின் காலைப் பிடித்தபடி நின்றாள். சிவலட்சுமி தாட்சாயினியைக் குசினிக்குள் கூட்டிப்போனாள். கண் வறண்டிருந்தது.

"பம்பு நான்தாம்மா கேட்டேன். அவரு ஊறிக் கெடந்த தண்ணி... எப்புடி அப்புடியே விடுறது?"

"அக்கா, அவரை ஆரோ தள்ளியிருக்கினம். இதை நான் விடமாட்டன்."

"யாரும் தள்ளலம்மா."

சிவலட்சுமி அடுப்பில் கொதித்த வெந்நீரை இறக்கி வைத்தாள்.

"நேத்து சூட்டிங் முடிஞ்சு சிரிச்சிக்கிட்டே வந்தாரு. அந்த மூஞ்சில சிரிப்பப் பாத்து எத்தன காலம்... 'லெச்சுமி, நம்ம கேசு எப்புடி ஜெயிக்குதுன்னு பாத்துட்டு வந்தேன்'னாரு. 'நான் அந்தக் கெணத்துல கெடந்தா ஜட்ஜையா எந்திரிச்சி நின்னு தீர்ப்பு சொல்லுவாரு'ன்னாரு."

"அது படம் அக்கா..."

"நானும் படத்தத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். 'படக்காரத் தம்பிகிட்டயும் கேட்டுட்டேன், ஓம் ஐயா, நீங்க செத்தாத்தான் சனம் அழும், கேசு ஜெயிக்கும்னு சொல்லிருச்சு'ன்னாரு. விடிய எந்திரிச்சிப் பாக்குறேன்... ஆளக் காணோம்."

கொலைகாரன் இல்லை. கம்பனி விரலைக்கூட அசைக்கவில்லை. சொந்த வழக்கை வெல்வதற்காக ஒரு மனிதன் இறங்கிப் போயிருக்கிறான். தன்னை எடுத்த பிறகு ஊர் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அவன் கடைசியாகப் பார்த்ததில் அது இல்லை. இழுக்கும் என்று வெட்டிவிட்டார்கள்.

கதையில் வீரையாவைச் சாகடிக்கட்டுமா என்று லக்ஷன் முதலில் கேட்டது அவளைத்தான். 'படம்தானே' என்றாள்.

"இதெல்லாம் போலீசுல சொல்லல. தானாப் போனவருன்னு தெரிஞ்சா கேசு கெட்டுரும்ல?" சிவலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் இன்னும் சேறு காய்ந்திருந்தது. "இப்ப ஜெயிச்சிரும்தானேம்மா?"

சொல்லலாம். நீங்கள் கேட்டு வாங்கிய பம்புதான் அவர் உயிரைக் கொடுத்து வாங்கப் பார்த்த தீர்ப்பை உறிஞ்சி எடுத்தது என்று சொல்லலாம். அது உண்மை. நீதிமன்றத்தில் அவள் இவ்வளவு காலமும் கேட்டதும் உண்மையைத்தான்.

"ஓம் அக்கா," என்றாள்.

சிவலட்சுமி அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

தாட்சாயினி வேலிப் படலைக்கு வந்தாள். லக்ஷன் பின்னாலேயே வந்து குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா... நான் படத்தைத்தான் சொன்னனான்."

"தெரியும்."

"நாளைக்கு அவை வந்து என்னத்தை எடுப்பினம்?"

"கழுவின கல்லை. வாற தவணையில வழக்குத் தள்ளுபடி."

"அப்ப... படத்தின்ர முடிவை மாத்தட்டோ?"

"மாத்தாதை," என்று ஸ்கூட்டிச் சாவியைத் திருகினாள் தாட்சாயினி. "எங்கட பக்கம் தீர்ப்புச் சொல்ல இப்ப உன்ர மட்டைப் பலகை நீதிபதி ஒராள்தான் மிச்சம்."