சபாபதியின் பிரஷர் பெட்டி

சத்தம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. புஷ்பவள்ளி ரப்பர் பந்தின் திருகை இன்னும் தளர்த்தினாள். கணவர் பொன்னுரங்கத்தின் கையில் சுற்றியிருந்த பட்டையிலிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியேற, பிரஷர் பெட்டியின் கண்ணாடிக் குழாயில் பாதரசம் எண்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி, அடிவரைக்கும் இறங்கிவிட்டது. ஆனாலும் காதில் மாட்டியிருந்த ஸ்டெதஸ்கோப்பில் டப், டப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டர் சொல்லிக்கொடுத்தது சுலபமான பாடம்தான். பந்தை அமுக்கினால் பாதரசம் ஏறும். காற்றை விடும்போது சத்தம் எங்கே தொடங்குகிறதோ அது மேல் கணக்கு, எங்கே அடங்குகிறதோ அது கீழ்க் கணக்கு. மேலே இருநூறைத் தாண்டினால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். தீபாவளி முடிந்ததிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்து வருகிறாள். சத்தம் அடங்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

"என்னா, ஜாஸ்தியா?" என்றார் பொன்னுரங்கம்.

"பேசாதீங்க. பேசினா ஏறும்."

"காலைல ஒரு துண்டு ஊறுகா தொட்டுகிட்டேன். அதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வெச்சிக்காத."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இன்று கண்ணைப் பாதரசத்திலிருந்து எடுக்கவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மத்தியானமே கரண்ட் போய்விட்டது. பெண்ணை நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டே பேர் இருக்கிற அந்த வீட்டில், ஓட்டின் மேல் மழை கொட்டுகிற ஓசையும், சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் நாற்றமும், நனைந்த சுவரின் உப்பு வாடையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அதற்குள்ளே இன்னொரு வாசனை. பட்டைக்குப் பக்கத்தில் குனிந்தால் மட்டும் வந்தது. மூக்குப்பொடி.

பொன்னுரங்கம் பொடி போடுகிறவர் இல்லை. போட்டவர் அவருடைய அண்ணன் சபாபதி. இந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர்.

சிதம்பரத்தில் இருந்த சபாபதி, தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று இரண்டு முறை கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அது கேட்டதும் புஷ்பவள்ளி எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நிற்பாள். "உக்காரும்மா" என்று அவள் பக்கம் பார்க்காமலேயே சொல்வார். அவள் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது. மூத்தார் எதிரில் யார்தான் உட்காருவார்கள்?

புரட்டாசியில் அவர் செத்துப்போனபோது இந்தப் பட்டை அவர் கையில்தான் இருந்தது. அவர் மனைவி ராணியம்மாள் பந்தை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே தலையில் நரம்பு வெடித்துவிட்டது. செத்தவர் உடம்பில் பட்டதெல்லாம், பாய், தலையணை, வேட்டி, மூக்குக்கண்ணாடி வரைக்கும், சுடுகாட்டுக்குப் போய்விடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பட்டையையும் அந்தக் குவியலில்தான் போட்டிருந்தார்கள். பொன்னுரங்கம்தான் அதை மட்டும் உருவி எடுத்தார்.

"இது மருந்து சாமான். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்தம், நாளைக்கி எனக்கும் வேணும்" என்றார்.

 இவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ராணியம்மாள் புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, அவுங்களுக்கு சத்தம் நின்னத நான் கேக்கவே இல்ல" என்றாள். ஏதோ துக்கத்தில் பேசுகிறாள் என்றுதான் அன்றைக்குப் புஷ்பவள்ளி நினைத்தாள்.

இப்போது மறுபடியும் பந்தை அமுக்கினாள். பட்டை உப்பியது. திருகை மெல்லத் திறந்தாள். நூற்றெழுபதில் முதல் சத்தம் வந்தது, படபடவென்று. அது பொன்னுரங்கத்தினுடையது. நன்றாகத் தெரியும்.

அதன் பின்னாலேயே இன்னொன்று. நிதானமாக. முன்னால் அவசரமாக ஒருவர் போக, பின்னால் ஒருவர் ஆற அமர நடந்து வருகிற மாதிரி.

தொண்ணூறில் படபடப்பு அடங்கியது. நிதானமானது அடங்கவில்லை. பாதரசம் அடியில் கிடந்தது. சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஏங்க, மார் வலிக்குதா?"

"இல்ல. கை மட்டும் சில்லுனு இருக்கு" என்றார். பிறகு, "பட்டைய இறுக்காத புஷ்பா" என்றார்.

அவள் இறுக்கவில்லை. உள்ளே காற்றே இல்லை. ஆனால் பட்டை அவர் கைச்சதையில் பதிந்திருந்தது. கழற்றிவிடலாம். கழற்றி மழையில் வீசிவிடலாம். பட்டையின் நுனியைத் தேடிப் பிடித்தாள். ஐயோ, இந்த மனுஷன் நல்லபடியாக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

அப்போது காதுக்குள் கேட்டது.

கனைப்பு. ஒரு முறை.

இன்னொரு முறை.

அடுத்த கணம் தான் நின்றுகொண்டிருப்பதை உணர்ந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கையில் பட்டையின் நுனி இருந்தது. முந்தானை தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தது. பந்து தரையில் கிடந்தது.

பொன்னுரங்கம் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மற்றக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். இடதுபுறம். கொஞ்சம் கீழே. ஒன்றுமில்லை. மறுபடி பட்டைக்கு அடியில் வைத்தாள்.

டப். டப். டப்.

அந்த உடம்பில் துடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். கழற்றினால் அதுவும் நின்றுவிடும். கழற்றாவிட்டால்? அவள் பட்டையின் நுனியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பொன்னுரங்கத்தின் உதடு அசைந்தது. குரலும் அவருடையதுதான்.

"உக்காரும்மா."

தரையில் கிடந்த ரப்பர் பந்து, யார் கையும் படாமல், ஒரு முறை அமுங்கியது. மறுபடி அமுங்கியது. பட்டை உப்ப ஆரம்பித்தது. விளக்கு வெளிச்சத்தில் பாதரசம் ஏறியது. நூறு. நூற்றைம்பது. இருநூறு. அதற்கும் மேலே.