பென்டிரைவில் அடங்காத ராமையா

"என் வீட்டுக்காரரை ரெண்டாவது தடவையும் சாகடிச்சிட்டாங்க, தம்பி."

லூனாஸ் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் காளிதாசனின் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பிரேமாவதி இப்படிச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கொழுந்தன் ஜெயகுமார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் பூக்கடை நவமணி பாதி கட்டிய மாலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். காளிதாசன் துலக்கிய விவகாரங்களில் பாதி தன் மூளையால்தான் துலங்கியது என்பது அவளுடைய நம்பிக்கை. அவனும் மறுத்துப் பேசியதில்லை.

பிரேமாவதி ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தாள்.

"கரங்கான் எஸ்டேட் கோயில்ல அவரு பாடின பாட்டெல்லாம் இதுலதான் இருக்கு. கடைசித் திருவிழாவுல பாடினதை இவரு வீடியோவா எடுத்து இதுல போட்டுக் குடுத்தாரு. போன மாசம் தெவசம். எல்லாரும் கோயிலுக்குப் போய்ட்டு வந்து பாத்தா வீடியோவைக் காணோம். அவரு அசைஞ்சு பேசிப் பாக்க எனக்கு அது ஒண்ணுதான் இருந்திச்சு."

"நான் அழிச்சிட்டேன்னு சொல்றாங்க. எடுத்தவனே நான்தான்லா!" என்றார் ஜெயகுமார்.

"அதுல உங்களை மைக்குல வெச்சே ஏசினாரே, அந்தக் கோவம். கோயில்லேருந்து சாப்பாடு எடுக்கறேன்னு நடுவுல வேற போனீங்க."

காளிதாசன் நிதானமாகக் கேட்டான். "வீடியோ எவ்வளவு பெரிசுண்ணே?"

"பதினொரு ஜிபி. முதல்ல ஏறவே இல்ல. யூடியூப் பாத்து, பென்டிரைவை என் லேப்டாப்ல விண்டோஸ் முறைக்கு ஃபார்மெட் பண்ணி பாட்டையும் சேர்த்து ஏத்தினேன். இடமில்லன்னு என்கிட்ட இருந்த வீடியோவை அப்பவே அழிச்சிட்டேன்."

"வேற ஏதாவது மாறியிருந்துச்சாக்கா?"

"அதுதான் புரியல. முன்னெல்லாம் இது காடி ரேடியோவுல பாடவே பாடாது. காடியில போறப்ப அவரு குரலைக் கேட்டா போதும்னு குடும்ப குரூப்ல சொல்லிக்கூட அழுதேன். இப்ப பாடுது. ஆனா ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் சத்தமில்லாம நிக்குது. பாதிப் பாட்டும் போச்சுன்னு நினைக்கிறேன்."

"கதவை உடைச்சிருந்தாங்களா?"

"இல்ல. சாவி எப்பவும் வாசல் செருப்பு அலமாரியில அவரோட பழைய பூட்ஸுக்குள்ள இருக்கும். ஒண்ணும் களவு போகல. அவரு படத்துல ஒரு சம்பங்கி மாலை புதுசா இருந்திச்சு. இவருதான் போட்டிருப்பாரு."

"நான் போடல அண்ணி."

"கள்ளன் மாலை போட்டுட்டா போவான்?" என்று நவமணி காளிதாசனின் காதைக் கடித்தாள்.

"அந்த குரூப்ல யார் யார் இருக்காங்க?"

"எங்க ஆளுங்கதான். என் மக தேவகியும் இருக்கா. எல்லாத்தையும் படிப்பா, பதில் போடமாட்டா. மெர்கோங்ல விளம்பரப் படம் வரையிற வேலை. புடிச்சவனைக் கட்டிக்கிட்டா. நான் இருக்கிற வரைக்கும் இந்தப் படி ஏறாதேன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. நானும் அன்னிக்கு வாயைத் திறக்கல. எழவுக்குக்கூட ரோட்டுலயே நின்னுட்டுப் போயிட்டாளாம்." பிரேமாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெர்கோங் ஒன்றும் கடல் கடந்த ஊரல்ல. ஆனால் அவளுக்கு அது அப்படித்தான் ஆகியிருந்தது.

வெளியே நின்ற, பிரேமாவதியின் கணவர் ராமையாவின் பழைய காரில் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். காளிதாசன் பென்டிரைவைச் செருகினான். ராமையாவின் கட்டைக்குரல் மாரியம்மனை அழைத்தது. பிரேமாவதி கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் ரேடியோ ஊமையானது.

"தம்பி, அதே பாட்டோட பேரு மறுபடியும் வருது!" நவமணி ரேடியோவின் சின்னத் திரையைக் காட்டினாள். "முன்னாடி மட்டும் ஒரு புள்ளியும் ஒரு கோடும் இருக்கு." சற்று நேரத்தில் அந்தப் பெயர் மறைந்து அடுத்த பாட்டு தொடங்கியது.

காளிதாசன் கடைக்குத் திரும்பி, பென்டிரைவைக் கணினியில் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"பாட்டு ஒண்ணும் போகலக்கா. வந்தவங்க உங்களுக்கு நல்லது செய்யத்தான் வந்திருக்காங்க."

"எப்படிச் சொல்றே?"

"பென்டிரைவுக்குள்ள சாமான் அடுக்க பல முறை இருக்கு. பழைய காடி ரேடியோவுக்குத் தெரிஞ்சது ஃபேட்னு ஒரு பழைய முறைதான். ஜெயகுமார் அண்ணன் வேற முறைக்கு மாத்தினாரு, ரேடியோவுக்குப் புரியல. இப்ப யாரோ அதைத் திரும்பப் பழைய முறைக்கு மாத்தியிருக்காங்க. மாத்தினா உள்ள இருக்கிறது அத்தனையும் அழிஞ்சிடும். ஆனா பாட்டெல்லாம் இருக்கே? அப்படின்னா எல்லாத்தையும் முதல்ல தன்னோட கம்ப்யூட்டர்ல எடுத்து வெச்சிட்டுத்தான் மாத்தியிருக்காங்க. கெடுக்க வந்தவன் அந்தப் பாடு படுவானா?"

"வீடியோவை மட்டும் ஏன் திருப்பி வைக்கல?" என்றாள் நவமணி.

"வைக்க முடியாதுக்கா. பழைய முறையில ஒரே கோப்பு நாலு ஜிபிக்கு மேல இருந்தா ஏறாது. ராமையா அண்ணன் பதினொரு ஜிபி."

ஜெயகுமார் நெற்றியில் கை வைத்தார். "அதான் எனக்கும் முதல்ல ஏறல."

"இப்ப அந்தப் புள்ளியும் கோடும். மேக் கம்ப்யூட்டர் இந்த மாதிரி பென்டிரைவுல எழுதினா, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குட்டிக் கோப்பைத் துணைக்கு வெச்சிட்டுப் போகும். கம்ப்யூட்டர்ல பாத்தா மறைஞ்சிருக்கும். ரேடியோ அதையும் பாட்டுன்னு நினைச்சு முழிக்குது. அண்ணன் வெச்ச முறையை மேக் படிக்கும், அதுல எழுதாது. அதனாலதான் அழிச்சு மாத்த வேண்டி வந்திருக்கு. அண்ணன்கிட்ட இருக்கிறது விண்டோஸ். அப்ப மேக் வெச்சிருக்கிறவங்க யாரு? பூட்ஸுக்குள்ள சாவி இருக்கிறது தெரிஞ்சவங்க, குரூப்ல நீங்க அழுததைப் படிச்சவங்க யாரு?"



"ஐயோ, சம்பங்கி!" நவமணி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்குக் காலையில மாஸ்க் போட்ட பொண்ணு ஒண்ணு வந்துச்சு. அப்பாவுக்குன்னு கேட்டுச்சு. அந்த மாலையை நான்தானே கட்டிக் குடுத்தேன்!"

"படம் வரையிறதெல்லாம் அவ மேக்லதான், அண்ணி," என்றார் ஜெயகுமார் மெதுவாக.

பிரேமாவதிக்குப் புரிந்தது. அப்பா இருக்கும் வரை படியேறவில்லை. அவர் போனபிறகும் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஏறி, ஒரு மாலையும் அவர் குரலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மகளை நினைத்து அடக்கி வைத்திருந்த ஏக்கமெல்லாம் அந்தக் கடை நடுவில் பொங்கிவிட்டது. கொழுந்தனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறி அவள் கையை இறக்கிவிட்டார்.

பிறகு அவளே கைப்பேசியை எடுத்தாள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

"அம்மா?"

"அப்பா வீடியோ உங்கிட்டயா இருக்கு?"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "பத்திரமா இருக்கும்மா. பென்டிரைவுல ஏறல. நீங்க திரும்பி வர்ற நேரமாயிடுச்சின்னு பயந்து வந்துட்டேன். இப்பவே நெட்ல ஏத்தி லிங்க் அனுப்பறேன்மா, ஒரு மணி நேரத்துல பாத்துடலாம்."

"அனுப்பாதே."

"அம்மா..."

"லிங்க்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயே கொண்டு வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா." பிரேமாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூட்ஸுக்குள்ள கையை விட்டுத் தேடாதே. சாவி அங்க இருக்காது. நான் கதவைத் திறந்து வெச்சிருக்கேன்."