நான்காவது விஞ்ச்

மூன்று என்று காட்ட வேண்டிய திரை நான்கு என்று காட்டியது.

கோகிலா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மண்டபம் கரையிலிருந்த அந்த யார்டில் விசைப்படகுகளைப் பழுதுபார்க்க மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சிவெயிலில் டீசல் வாடையும் அழுகிய பாசி நாற்றமும் தகரக் கொட்டகைக்குள் வந்து முட்ட, வெளியே உருளையில் கம்பி வடம் சுற்றும் சத்தம் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. படகுகளை இழுக்க ஓடுகிற விஞ்ச்கள் மூன்றுதான். அவள் எழுதிய புரோகிராமில் விஞ்சுக்கு ஒரு த்ரெட், தனியே ஓடும் ஒரு கிளை. உருளைப் பக்கத்தில் நின்று வடத்தைச் சீராகப் படியவிடுகிற ஆள் ரிமோட்டில் அழுத்துவதைக் காதில் வாங்கி மோட்டாருக்குச் சொல்வது அதன் வேலை. நான்காவது விஞ்ச் போன மாதம் அதனருகே நின்ற ஜோஸ்வாவைச் சுற்றி இழுத்த மறுநாளே அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

அன்று நடந்தது கோகிலாவுக்கு மட்டும் தெரியும். த்ரெட்கள் ரிமோட்டோடும் மோட்டாரோடும் பேசுவதற்கான நெட்வொர்க் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பை, எந்த த்ரெட்டும் பிறக்கும் முன்னே ஒரே ஒருமுறை தொடங்க வேண்டும். கடைசி த்ரெட்டும் வேலை முடித்துத் திரும்பிய பிறகே மூட வேண்டும். சாப்பாட்டு அவசரத்தில் அவள் முன்னதாகவே மூடிவிட்டாள். ஏறவிட்டு ஏணியை எடுத்த கதைதான். ஜோஸ்வா அழுத்திய 'நிறுத்து' எங்கும் போய்ச் சேரவில்லை. வடம் அவன் கையைப் பிடித்தது, பிறகு தோளை, பிறகு மிச்சத்தை. பழைய வடத்தின் மேல் பழியைப் போட்டார்கள். அவன் அண்ணன் யேசுதாஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பாவி, அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். எல்லா த்ரெட்டும் திரும்பும்வரை காத்திருக்கும்படி புரோகிராமை மட்டும் சத்தமில்லாமல் மாற்றி எழுதினாள்.

அந்த யேசுதாஸ்தான் இப்போது இரண்டாவது விஞ்சில் நிற்கிறான். சற்று முன் வாசலில் தலையை நீட்டினான்.

"தங்கச்சி, இந்த ஒரு படக ஏத்திட்டு வாரேன். அதுக்குள்ள மூடிராத."

"சரிண்ணே."

இனிப் புதிய வேலை வாங்காதே, நடப்பதை முடித்துவிட்டு மூடு என்று புரோகிராமுக்கு உத்தரவு கொடுத்தாள். ஒன்றாம் த்ரெட் வேலை முடித்துத் திரும்பியது. மூன்று திரும்பியது. இரண்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு, இல்லாத விஞ்சின் த்ரெட், திரும்பவில்லை. அதன் பெயரில் ஒரு வரி வந்து விழுந்தது.

நான்கு: நிறுத்து.

இன்னொரு வரி. இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஜோஸ்வா செத்த நாளின் தேதி, அவள் லைப்ரரியை மூடிய நிமிஷத்துக்கு அடுத்த நிமிஷம். அன்று போய்ச் சேராதவை எல்லாம் இன்று வந்துகொண்டிருந்தன. முப்பது. நாற்பது. எத்தனை முறை அழுத்தியிருக்கிறான்.

"என்ன புள்ள, நாலுன்னு ஓடுது?"

பின்னால் மேற்பார்வையாளர் பாக்கர் பாய். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல பாய். சும்மா."

"அதத்தான் கழட்டிட்டமே. நகரு, தேதி என்னன்னு பாப்போம்."

கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். இன்னும் ஒரு நொடியில் படித்துவிடுவார். வெளியே இரண்டாவது உருளை சுற்றிக்கொண்டிருந்தது, யேசுதாஸின் த்ரெட் உயிரோடு இருந்தது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். காத்திருப்பதை ரத்து செய்து லைப்ரரியை வலுக்கட்டாயமாக மூடினாள்.

வரிகள் நின்றன. திரை வெறுமையானது.

உருளை நிற்கவில்லை.

"ஏலே, நிக்கலடா." யேசுதாஸின் குரல். பிறகு வார்த்தையில்லாத குரல். பிறகு பச்சைக் கட்டையை முறிப்பதுபோல ஒரு சத்தம். மறுபடி ஒன்று. ஈரமாக ஒன்று.

மெயின் சுவிட்ச் யார்டின் எதிர்க்கோடியில். பாக்கர் ஓடினார். அவள் உருளையிடம் ஓடினாள். மணல் சிவப்பாக இருந்தது. கொட்டகைச் சுவர் சிவப்பாக இருந்தது. உருளை இன்னும் மூன்று சுற்று சுற்றிவிட்டு நின்றது.

வடத்தின் சுற்றுகளுக்கு நடுவே யேசுதாஸின் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரிமோட்டை விடவில்லை. கட்டைவிரல் சிவப்புப் பட்டனில்.

அதன் மேல், உருளைக்கு உள்ளேயிருந்து நீண்டு வந்த இன்னொரு கட்டைவிரல், நகமெல்லாம் கல்லறை மண், தம்பியின் விரல். அண்ணனோடு சேர்ந்து அழுத்தியது. விட்டது. அழுத்தியது.