உருண்டை எழுத்தில் ஒரு பொய்

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் நேசபாய் எடுத்தார்.

"மேடம்… எம் பொண்டாட்டி குவாரித் தண்ணில விழுந்துட்டா மேடம்…! ஆளக் காணல்ல…!"

"ஆராக்கும் பேசுகது?"

"பிளெக்ஸ் கடை ரதீஷ் மேடம்… குலசேகரத்துக்கு மேல, பழைய கல்குவாரி…"

"அங்கயே நில்லும். வாறேன்."

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு ராட்சசப் பள்ளம். அதில் கறுத்துக் கிடந்தது தண்ணீர்.

ஓர் அசைவில்லை… ஒரு குமிழியில்லை!

ஜீப் சத்தம் கேட்டதும் ரதீஷ் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். அங்கிருந்த ஒரு பலகையைக் காட்டினான்.

'குளிக்க ஏற்ற இடம். இடுப்பளவு தண்ணீர்.'

தடித்த எழுத்துகள். முனையெல்லாம் உருண்டு, கொழுகொழுவென்று, பாலர் பள்ளி வாசலில் சிரிப்பது போல… பார்த்தவுடன் நம்பச் சொல்லும் எழுத்துகள்!

"இது பத்தாள் ஆழம்வே."

"தெரியாது மேடம்! இந்த போர்ட நம்பி எறங்கிட்டா… பஞ்சாயத்துல வச்சதா இருக்கும்…"

"அவங்க வைக்கல்ல. வாற வழியிலயே கேட்டாச்சு."

ரதீஷின் அழுகை பாதியில் நின்றது.

"போர்டப் பத்தி… நான் போன்ல சொல்லவேயில்லையே மேடம்?"

"நீரு சொல்லல்ல."

"பின்ன… ஆரு சொன்னா?"

ஜீப்பின் பின்கதவு திறந்தது.

ஈரத்தலையும் ரத்தம் வழியும் முழங்கையுமாக இறங்கினாள், அவன் மனைவி ஷைஜா!

"ஒ… ஒனக்கு நீச்சல் தெரியாதே!"

"இராஜாக்கமங்கலம் கடக்கரையில வளந்தவளுக்கா? பொண்ணு பாக்க வந்தப்ப, அடக்கமான பிள்ளன்னு காட்ட எங்கம்மா விட்ட புளுகாக்கும் அது!"

அவன் பின்வாங்கினான். பின்னால் கான்ஸ்டபிள் நின்றார்.

ஷைஜா பலகையைக் காட்டினாள். "ரெண்டு வருசமா ஒவ்வொண்ணா நான் வரைஞ்ச எழுத்து மேடம், புது ஃபாண்ட்டு. இன்னும் வெளிய விடல்ல. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் கெடக்கு. 'இது என் எழுத்தாச்சே'ன்னு கேக்கத் திரும்பினேன்… தள்ளிட்டான்! பாறையிடுக்குல மூச்சப் பிடிச்சுக் கெடந்தேன். இவன் அந்தால போனப்பொறவு அக்கரை ஏறி, ரப்பர் வெட்டுக அக்காட்ட போன் வாங்கி ஒங்களக் கூப்பிட்டேன்."

"உம்ம போனு அதுக்குப் பொறவுதான் வந்துது," என்ற நேசபாய், அவன் சட்டையைப் பிடித்தார். "ஏம்லே செய்த?"

"சென்னையில ஒரு டி.வி.க்காரன்ட்ட… அந்த எழுத்து நான் செஞ்சதுன்னு சொல்லி, விக்கப் பேசிட்டேன். அவ பேருலதான் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னா…"

விலங்கு பூட்டப்பட்டது.

"அந்த போர்ட வேற எழுத்துல அடிச்சிருக்கலாம்லா?"

ரதீஷ் தலை நிமிராமல் முனகினான்.

"பாத்தா எல்லாரும் நம்பணும்லா மேடம்… இத விட நல்ல எழுத்து கெடைக்கல்ல."

ஷைஜா முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"கல்யாணமானதுலருந்து இப்பத்தான் மேடம் என் வேலைய நல்லாருக்குன்னு சொல்லுகான்… அதையும் வாக்குமூலத்துல சேத்துக்கிடுங்க!"