வியாழக்கிழமை நாலு மணி வகுப்பு

பேய்க் கதை சொன்னால் கொட்டாவி விடுகிற ஆள் நான். அச்சகம் நடத்துகிறேன். முப்பது வருஷமாக அடுத்தவர் எழுதியதில் பிழை பொறுக்கியே கண் கெட்டுப்போனது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விட்டுத் தள்ளுங்கள்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மழையில் நனைந்துகொண்டு தம்பியின் ஆலயத்தில் போய் இறங்கினேன். தம்பி மெதடிஸ்ட் போதகர். எனக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவு. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது; குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து, அழவைத்து வளர்த்தவள் நான். அவன் போதகராகிறேன் என்றபோது மட்டும் அவன் இஷ்டத்துக்கு விட்டேன். நான் ஆலயத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்து இருபது வருஷமாகிறது. எந்தச் சபையிலும் என் பெயர் இல்லை.

டயர் கடைக்கும் வங்கிக்கும் நடுவில் நெரிசலில் மாட்டியதுபோல் நின்றிருந்தது அந்தக் கல் கட்டடம். அதற்கு நூற்றைம்பது வயதாகிறது என்று ஒரு வரலாற்றுப் புத்தகம் போடச் சொல்லித் தம்பி பழைய பதிவேடுகளை என்னிடம் அனுப்பியிருந்தான். அவற்றைப் படித்ததால்தான் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

மெதடிஸ்ட்டுகளின் கதையே ஒழுங்கின் கதைதான். ஜெபத்துக்கு ஒரு நேரம், படிப்புக்கு ஒரு நேரம், எல்லாவற்றுக்கும் ஒரு முறை, ஆங்கிலத்தில் ‘மெதட்’, என்று இருந்தவர்களைக் கேலி பண்ணி யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆலயக் கதவுகள் அவர்களுக்குச் சாத்தப்பட்டபோது வயல்வெளியிலும் சுரங்க வாசலிலும் நின்று பிரசங்கம் பண்ணினார்கள். கேட்க வந்தவர்களைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து ‘வகுப்பு’ என்றார்கள். வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார வேண்டும். வகுப்புத் தலைவர் ஒவ்வொருவராகக் கேட்பார், உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அன்பின் விருந்து. பெயர்தான் விருந்து, ரொட்டித் துண்டும் தண்ணீரும்தான். இரண்டு கைப்பிடி வைத்த ஒரே கோப்பை எல்லார் கையிலும் மாறி, எல்லார் உதட்டிலும் பட்டுக் கடைசியில் தலைவரிடம் வரும்.

இந்த ஆலயத்தில் ஒரு வகுப்பு இருந்தது. தலைவரைத் தவிர பன்னிரண்டு பேர். ஊரில் விஷக் காய்ச்சல் பரவிய வருஷம், கூட்டத்தை நிறுத்தலாம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். தலைவர் மசியவில்லை. விருந்து நடந்தது, கோப்பை சுற்றியது. ஒன்பது நாளில் பன்னிரண்டு பேரும் அடக்கம். சாவுப் பதிவேட்டில் பெயரும் தேதியும் வரிசையாக இருக்கின்றன.

ஆனால் வகுப்பின் வருகைப் பதிவேட்டில், அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம், ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதே பன்னிரண்டு பெயர்களுக்கு நேராக ‘வந்தார்’ என்று இருந்தது. நான் முதலில் பிழை என்றுதான் நினைத்தேன். கடைசிப் பக்கத்தில் தலைவர் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: “அன்று கோப்பை என்னிடம் வந்தபோது பயந்துவிட்டேன். உதட்டில் வைத்ததுபோல் பாவனை செய்தேன். குடிக்கவில்லை. வாராவாரம் நீட்டுகிறார்கள்.”

அந்தத் தலைவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அதே கோப்பையை வைத்து, அதே வகுப்பை மறுபடி ஆரம்பிக்கப் போவதாகத் தம்பி முதல் நாள்தான் போனில் சொல்லியிருந்தான்.

ஆலயத்தைத் திறந்து மூடுகிற சாவிக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வர மாட்டேன் என்று நிற்கிற நிற்பு.

“ஐயா கீழ் அறைல இருக்காரும்மா. மழைக்கு யாரும் வரல. வேணாம்னு நானும் சொல்லிப் பார்த்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு முன்னால ரெண்டு போதகருங்க அந்த வகுப்ப ஆரம்பிச்சாங்க. கோப்பைல குடிச்சாங்க. ரெண்டு பேருமே ஒம்பது நாள் தாங்கல.”

“என்ன வியாதி?”

“காய்ச்சல்னுதான் எழுதினாங்க.”

படிகளில் இறங்கினேன்.

கீழ் அறையில் பகல் வெளிச்சம் ஒரே ஒரு கம்பி ஜன்னல் வழியாக வந்தது. ஈரச் சுவர் வாடை, பழைய மரத்தின் வாடை. பன்னிரண்டு நாற்காலிகள் வட்டமாக. பதிமூன்றாவதாகத் தலைவர் நாற்காலி, அதில் தம்பி. மடியில் அந்தக் கோப்பை. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் மயிரிழை விரிசல்.

“வாக்கா. வழி தெரிஞ்சுதா உனக்கு? இருபது வருஷமாச்சே” என்று சிரித்தான்.

“கிண்டல் அப்புறம் பண்ணு. எழுந்து வாடா.”

பதிவேட்டில் படித்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடிக்காதது.

“பாவம்கா அந்த மனுஷன். சரி, நாலு மணி ஆகப்போகுது.”

“யாருமே வரலையே.”

“ஆள் வந்தாலும் வராட்டியும் நேரத்துக்கு ஆரம்பிக்கணும். எங்க ஒழுங்கு அப்படி. கோப்பை காலியாத்தான் இருக்கு, பயப்படாதே. வரிசைய ஒருதடவ சொல்லிப் பார்த்துட்டு வந்துடறேன்.”

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. தம்பி இடதுபக்க முதல் நாற்காலியைப் பார்த்துக் கேட்டான்.

“உங்க ஆத்துமா எப்படி இருக்கு?”

மழைச் சத்தம் மட்டும்.

அடுத்த நாற்காலி. அதே கேள்வி. அதற்கடுத்தது. நாலாவது நாற்காலியிடம் கேட்டுவிட்டுத் தம்பி நிறுத்தினான். பதில் கேட்கிறவன்போல் தலையைச் சாய்த்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

“யார்கிட்டடா தலையாட்டற?”

அவன் ஐந்தாவது நாற்காலியைப் பார்த்துக் கேட்டான்.

ஐந்தாவது நாற்காலி கிறீச்சிட்டது. பாரமான ஒருவர் அசைந்து உட்காரும்போது வருகிற சத்தம். பிரம்புப் பின்னல் நடுவில் குழிந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆறாவது.

ஏழாவது.

வட்டம் முழுக்க ஒவ்வொன்றாகக் குழிந்தது.

காய்ச்சல்காரன் படுக்கையின் வாடை அறையை நிறைத்தது. தம்பியின் கை தானாக நீண்டு முதல் நாற்காலியிடம் கோப்பையைக் கொடுத்தது. கோப்பை கீழே விழவில்லை. ஒரு மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது. கோப்பை அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தது.

இன்னொரு மிடறு.

கத்தினேன், தம்பியின் காதில் விழவில்லை. கோப்பை நகர நகர அதில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் குடித்ததும் அது குறையவில்லை, கூடியது. பன்னிரண்டாவது நாற்காலியை விட்டுத் தம்பிக்கு முன்னால் வந்தபோது விளிம்பு தளும்பியது. சற்றே மஞ்சளித்த தண்ணீர்.

“ஒருத்தர் குடிக்கலேன்னா விருந்து முடியாதாம்கா” என்று கிசுகிசுத்தான். கண்ணில் நீர் வழிந்தது. “எவ்வளவு நாளா காத்துட்டிருக்காங்க, பாவம்.”

கோப்பை அவன் உதட்டைத் தொடப் போனது.

எனக்கு அப்போது ஆத்துமாவும் தெரியவில்லை, ஒழுங்கும் தெரியவில்லை. ஏழு வயதுப் பையன் ஒருவன்தான் தெரிந்தான். பாய்ந்துபோய்ப் பிடுங்கி, ஒரே மூச்சில் குடித்தேன். ஐஸ் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. ருசி எதுவும் இல்லை.

பன்னிரண்டு பிரம்புப் பின்னல்களும் ஒரே நேரத்தில் மேலெழும்பின.

தம்பி தூங்கி எழுந்தவன்போல் விழித்தான். அவனை இழுத்துக்கொண்டு படியேறி வெளியே வந்து, மழையில் அந்தக் கோப்பையை நடைபாதைக் கல்லில் அடித்து உடைத்தேன். சாவிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அழுதாரா, மழையா, தெரியவில்லை.

ஒன்பது நாளும் ஒவ்வொரு மணிக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தும்மல்கூட வரவில்லை. தம்பி வேறு ஊருக்கு மாற்றல் கேட்டான். மெதடிஸ்ட் போதகர்கள் ஓரிடத்தில் வேர்விடுவதில்லை. ஊர் ஊராகப் போவது ஆதியிலிருந்தே அவர்கள் வழக்கம். உடனே கொடுத்துவிட்டார்கள். நேற்று முன்தினம் பெட்டி கட்டி அவனை ரயிலேற்றிவிட்டேன். அப்பாடா என்று இருந்தது.

இன்று வியாழக்கிழமை. காலையில் போன் வந்தது.

“அக்கா, எனக்கு முன்னாடியே இங்க ஒரு தபால் வந்து கிடக்கு. மாற்றுச் சீட்டு.”

அவர்களுடைய சபையில் ஒருவர் ஊர் மாறினால் பழைய சபை ஒரு சீட்டு எழுதித் தரும், இவர் நல்ல அங்கத்தினர், சேர்த்துக்கொள்ளவும் என்று. சீட்டோடு வருகிறவரை மறுக்க முடியாது.

“யாருக்கு எழுதியிருக்கு?”

“அந்தப் பன்னிரண்டு பேருக்கும். ஒரு சீட்டுக்கு ஒரு பேர். தேதியெல்லாம் அவங்கவங்க செத்த தேதி. கையெழுத்து அந்தத் தலைவரோடது. மை இன்னும் ஈரமா இருக்குக்கா.”

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. “உன் பேருக்குச் சீட்டு இருக்கா?”

“இல்ல.”

“நல்லாப் பாருடா.”

“பார்த்துட்டேன். என் பேர் இல்ல.”

போதும் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவன் போனை வைக்கவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

“பதிமூணாவதா ஒண்ணு இருக்கு. உன் பேருக்கு.”

“நான் எந்தச் சபையிலடா இருக்கேன்?”

“தெரியல. நல்ல அங்கத்தினர்னு எழுதியிருக்கு.”

“தேதி என்ன போட்டிருக்கு?”

சின்ன வயதில் அடி வாங்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுவான். அதே அழுகை.

“இப்பவே கிளம்பி வர்றேன். சாயங்காலம் நாலுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் எந்த நாற்காலியிலயும் உட்காராதே அக்கா.”

நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன்.