கடைசி ஆளுக்கும் பின்னால்

தான் மிதித்துக் கடந்த கற்கள் இரண்டாம் முறையும் உருளும் சத்தத்தை நேவா முதலில் காற்றின் வேலை என்றுதான் நினைத்தாள்.

நானோஸ் மலையின் மேற்பரப்பு முழுக்கச் சுண்ணாம்புச் சரளை. கால் பட்டால் சலசலவென்று சரியும். கால் எடுத்ததும் அடங்கிவிடும். அவள் ஓடினாள், கற்கள் சரிந்தன, அடங்கின. சில மூச்சு நேரம் புர்யாக் காற்றின் ஊளை மட்டும் கேட்டது. பிறகு அவளுக்குப் பின்னால், அவள் சற்றுமுன் கடந்த அதே இடத்தில், மறுபடியும் சலசலப்பு.

அங்கே யாரும் இருக்க வழியில்லை. இந்த ஓட்டத்தில் அவள்தான் கடைசி. போட்டியாளர்களில் கடைசி ஆள் அல்ல; கடைசி ஆளுக்கும் பின்னால் வருகிறவள். பாதை காட்ட மரங்களிலும் முளைக்குச்சிகளிலும் கட்டியிருக்கும் ஆரஞ்சு நாடாக்களை அவிழ்த்து முதுகுப்பையில் திணித்தபடி, மலையைப் பழையபடி ஆக்கிவிட்டு இறங்குகிறவள். ஓட்டக்காரர்கள் இந்த வேலைக்கு வைத்த பெயர் துடைப்பம். துடைப்பத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடைசி ஆளைத் தாண்டக் கூடாது.

வழக்கமாக இரண்டு பேர் போவார்கள். அவளோடு வந்தது கொழுந்தன் இசிதோர். காட்டின் விளிம்பில், போட்டியில் கடைசி ஆளான தபால் நிலையத்து ப்ரேடா சுளுக்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கடா, துடைப்பக்கட்டைங்களா! அள்ளிட்டுப் போங்க என்னை," என்றாள்.

"அள்ளறதுக்கு முறம் போதாதே, ப்ரேடா அக்கா. டிராக்டருக்குத்தான் சொல்லணும்," என்றான் இசிதோர்.

"உன் கல்யாணப் பத்திரிகை தபால்ல வரும்ல, அன்னைக்கு வெச்சிக்கிறேன் உனக்கு."

வேட்டைக்காரர்களின் மண்சாலை அங்கிருந்து பக்கம். இசிதோர் ப்ரேடாவைத் தோளில் தாங்கி எழுப்பினான். பிறகு நேவாவைப் பார்த்தான்; சிரிப்பு முகத்தைவிட்டுப் போயிருந்தது.

"அண்ணி, நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க. மேட்டு மேல நாடா கிடந்தா கிடக்கட்டும். நாளைக்கு நான் ஏறி எடுத்துக்கிறேன்."

"வெளிச்சம் இருக்கே, இசிதோர். ஒரு ஓட்டம்தானே? நீ கிளம்பு."

"இந்த வருஷம் நீங்க வந்திருக்கவே கூடாது அண்ணி."

அவள் அடுத்த நாடாவை அவிழ்க்கப் போனாள். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் புர்யா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளியது.

நவம்பர் மாதத்து அந்தக் காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி விழும். கீழே கிராமத்தில் கூரை ஓடுகள் பறந்துவிடாமல் இருக்க மேலே கல் அடுக்கி வைத்திருப்பார்கள். கதவு அறைந்து விரல் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. வெயில் மங்கி, மேடு முழுக்கச் சாம்பல் நிறமானது. ஜூனிப்பர் புதர்கள் தரையோடு தரையாகப் படுத்து எழுந்தன. நாடாக்கள் காற்றில் படபடத்து, அவள் கை பட்டதும் அடங்கின; மேட்டின் கடைசி நாடாவும் பைக்குள் போயிற்று.

சலசலப்பு மறுபடியும் கேட்டது. இம்முறை அவள் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒரு கால் அழுத்தமாக விழுந்தது. அடுத்த கால் தேய்ந்து வந்தது. அழுத்தம். தேய்ப்பு.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "அய்தா, கேட்குதாம்மா?"

"சொல்லும்மா." மகளின் குரலுக்குப் பின்னால் அக்கார்டியன் சத்தமும் தட்டுகளின் சத்தமும் கேட்டன. மார்த்தின் திருநாள், புது ஒயின் பீப்பாயைத் திறந்திருப்பார்கள். "எங்க இருக்க? யோட்டா சூப் சட்டி பாதி காலி. சித்தப்பா வந்தா மீதியும் காலி."

"எல்லாரும் வந்துட்டாங்களா? நல்லாப் பாரு."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. ப்ரேடா அத்தை வண்டியில வர்றாங்க. மத்தவங்க எல்லாம் உள்ளதான். ஏம்மா, பின்னால யாராவது இருக்காங்களா?"

கேள்வியின் கடைசியில் அய்தாவின் குரல் லேசாக உடைந்தது. பத்தொன்பது வயதுப் பெண். ஒரு வருடமாக இரவு வாசல் விளக்கை அணைக்கவிடாதவள்.

"யாரும் இல்லடா கண்ணு. காத்து," என்றாள் நேவா.

போன வருடம் இதே திருநாள் ஓட்டத்தில் கடைசியாக வந்தவன் அவள் கணவன் சில்வான். பழைய பனிச்சறுக்கு விபத்தில் கெட்டுப்போன முழங்கால்; இடது காலைத் தேய்த்துத் தேய்த்து ஓடினான். பின்னால் அவள். பாதி மேட்டில் நின்று திரும்பினான்.

"நொண்டி ஆட்டுக்குப் பின்னால மேய்ப்பன் வர்ற மாதிரி வராதடி. ஊரு சிரிக்கும். நீ நாடாவை எடுத்துக்கிட்டு முன்னால போ. நான் பொறந்து வளர்ந்த மலை, எனக்கு எதுக்கு நாடா?"

அவன் மூக்கு நுனி பனிக்கட்டியாய் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே அதில் ஒரு முத்தம் வைத்துவிட்டு முன்னால் போனாள். ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்துக்கொண்டே போனாள். அவள் கிராமத்தை எட்டும்போது மலை மூடுபனிக்குள் போயிருந்தது.

நாய்கள் தேடின. ஹெலிகாப்டர் தேடியது. இந்த மலை உள்ளே பொந்து பொந்தானது; அது விழுங்கியவர்கள் தலைமுறைக்குச் சிலர் உண்டு. ஆட்கள் கயிறு கட்டி அந்தக் குழிகளில் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு காலணிகூடக் கிடைக்கவில்லை. ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. சூப் கொண்டுவந்தார்கள், விறகு பிளந்து கொடுத்தார்கள், 'அவன்தானே போகச் சொன்னான்' என்று முதுகைத் தடவினார்கள். யாராவது ஒருவர் வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவளுக்கு அழுகையாவது வந்திருக்கும். கட்டிலில் அவன் பக்கத்துப் போர்வையை இன்னும் அவள் மடிக்கவில்லை. அவன் உடம்பு கிடைத்தால் போதும் என்று முதல் மாதம் வேண்டினாள். அப்புறம் அவன் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றானது.

அழுத்தம். தேய்ப்பு.

"சில்வான்?"

அடி ஓசை நின்றது.

அவள் பாதையிலிருந்து விலகி ஒரு பாறையோடு ஒட்டி நின்றாள். சட்டப்படி அதுதான் செய்ய வேண்டும்: கடைசி ஆளை முன்னால் விட வேண்டும். நெற்றி விளக்கை அணைத்தாள். மேற்கில் வெளிச்சம் கசிந்து வடிந்துகொண்டிருந்தது. காற்றோடு ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளியின் வாடை, ஆட்டுக்கொட்டகையில் பல நாள் கிடந்ததுபோல. சில்வான் அன்று மெல்லிய சிவப்பு ஓட்டச் சட்டைதானே போட்டிருந்தான்? கம்பளி ஏது? அந்த நினைப்பை அவள் வேண்டாம் என்று தள்ளினாள்.

யாரும் கடந்து போகவில்லை. ஓசை மட்டும் தொடங்கியது. ஆனால் நெருங்கி வரவில்லை. கொஞ்ச தூரம் இடப்பக்கம் போய்த் திரும்பியது. வலப்பக்கம் போய்த் திரும்பியது. தொட்ட சுவரையே தொட்டுக்கொண்டிருக்கும் கண் தெரியாதவனைப்போல, அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாடா இருந்த இடம்வரை அவன் வந்திருக்கிறான். அதற்கு அப்புறம் இருந்ததையெல்லாம் போன வருடம் அவள் அவிழ்த்துவிட்டாள். வழி தெரியவில்லை. ஒரு வருடமாக இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறானா?

"இருங்க. இருங்க, இதோ வந்துட்டேன்."

முதுகுப்பையை முன்னால் திருப்பிப் போட்டாள். கையுறையோடு முடிச்சு விழாது. இரண்டையும் கழற்றினாள், காற்று அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. வந்த வழியே ஓடி, ஓசை சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குச் சற்று இப்பால் நின்று, முதல் முளைக்குச்சியில் நாடாவைக் கட்டினாள். அதற்கு மேல் எட்டிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பார்த்தால் போய்விடுவான் என்று ஒரு பயம். பார்த்தால் போகமாட்டான் என்று இன்னொரு பயம். திரும்பி நின்று, கிராமத்தின் திசையில் அடுத்ததைக் கட்டினாள். அதற்கடுத்ததை.

அழுத்தம். தேய்ப்பு. அழுத்தம். தேய்ப்பு.

வந்தது. நேராக வந்தது.

"அப்படித்தான். அதைப் பிடிச்சிக்கிட்டே வாங்க," என்றாள். பற்கள் கிட்டித்தன, ஆனாலும் பேசினாள். நிறுத்தினால் அவன் நின்றுவிடுவான்போல இருந்தது. "அய்தா லுப்லியானா காலேஜ்ல சேர்ந்துட்டா, தெரியுமா? லீவுக்கு வந்திருக்கா. உங்கள மாதிரியே காபியைக் கருக விடுறா. இசிதோருக்கு இன்னும் பொண்ணு அமையல. திராட்சைக் கொடியை நானே கத்தரிச்சேன், பார்த்தா சிரிப்பீங்க, மொட்டையடிச்ச மாதிரி... ஏதாவது பேசுங்களேன். திட்டவாவது திட்டுங்க."

பின்னால் கற்கள் மட்டும் உருண்டன.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் அவள் விரல் விறைத்தால் அவன் தன் அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொள்வான். இப்போது விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பூத்து, பிறகு அவளுடையவையாகவே இல்லாமல் போயின. முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. ஒரு நாடா. இன்னொன்று. மேடு முடிந்து பாதை கீழே சரிகிற இடம் வந்தது. ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், நடுவே ஒற்றையாள் தடம். இதற்குக் கீழே நாடா தேவையில்லை. கிராமத்தின் விளக்குகள் தெரியும்.

பை காலி. கடைசி நாடாவைக் கட்டிவிட்டுப் பாறை இடுக்கில் ஒதுங்கினாள்.

கம்பளி வாடை மூக்கை அடைத்தது.

"போங்க, சில்வான். நீங்க முன்னால. இந்தத் தடவை நான் தாண்ட மாட்டேன்."

அழுத்தம்.

தேய்ப்பு.

மணிக்கட்டால் நெற்றி விளக்கின் பொத்தானை அழுத்தினாள்.

நீண்ட மேலங்கி. பழைய ராணுவத்து மேலங்கி, கணுக்கால்வரை. உயரமான, அவளுக்கு முன்பின் தெரியாத மனிதன். இடது காலை இழுத்துக்கொண்டு அவளைக் கடந்தான். மலையையே பெயர்க்கிற காற்றில் அந்த மேலங்கியின் விளிம்பு அசையவில்லை. வெகுதூரம் ஓடி வந்தவனைப்போல வாய் திறந்து திறந்து மூடியது, ஆவி வரவில்லை. கண்களில் பனி விழுந்து உருகாமல் கிடந்தது.

அவனுக்குப் பின்னால் முக்காடிட்ட ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கையில் புல்லறுக்கும் நீண்ட அரிவாளோடு ஒருவன். பின்னால் இருவர். அதற்கும் பின்னால்.

ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் கீழே இருந்த வெளிச்சத்தின் பக்கம்.

கத்த வேண்டும். கத்தவில்லை. ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சத்தை அடித்தாள். இவனா? இல்லை. இவனா? இல்லை. சிவப்பு மலையேற்றச் சட்டை... ஐயோ, இல்லை. இன்னும் வரட்டும். வரிசை நீளமாக இருக்கட்டும். இன்னும் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும், அவர்களுக்குப் பின்னால் அவன் வரட்டும்.

வரிசை முடிந்தது.

மேட்டில் அவள் கட்டிய நாடாக்கள் படபடத்தன. தடத்தில் யாரும் இல்லை. காதைத் தீட்டிக் கேட்டாள். காற்று. வெறும் காற்று.

"சில்வான்!" என்று அலறினாள். புர்யா அதையும் தன் ஊளையோடு சேர்த்துக்கொண்டது.

மார்பில் தொங்கிய வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அம்மா? அம்மா, பாதையில யாரோ இறங்கி வர்றாங்க. உன் விளக்கு பின்னால தூரத்துல தெரியுது. யாரும்மா அவங்க? விளக்கே இல்லாம வர்றாங்க..."

நேவா பொத்தானைத் தேடினாள். விரல்கள் வளையவில்லை. ஐந்தும் ஐந்து குச்சிகளாக நின்றன. கட்டை விரலை வைத்து அழுத்தினாள், வழுக்கியது. முகவாயால் அழுத்தப் பார்த்தாள்.

"முன்னால வர்றவர்..." அய்தாவின் மூச்சு இரைத்தது. அக்கார்டியன் நின்றிருந்தது. "அம்மா, அவர் இடது காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வர்றாரும்மா."

ஓடினாள். ஒற்றையாள் தடத்தை அந்த முதுகுகள் அடைத்திருந்தன. இடிக்கவும் முடியாமல் தாண்டவும் முடியாமல், கடைசி முதுகின் பின்னால் வாய்விட்டுக் கத்திக்கொண்டே இறங்கினாள். அவர்கள் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அம்மா, நீ கூட்டிட்டு வந்துட்டியா? அப்பாவைக் கண்டுபிடிச்சிட்டியா?" பெண் அழுகிறாள், அழுகைக்கு நடுவே சிரிக்கிறாள். "சித்தப்பா! எல்லாரும் வாங்க! அப்பா வர்றாரு!"

கீழே மண்டபத்தின் கதவு அகலமாகத் திறந்தது. மஞ்சள் வெளிச்சம் புல்வெளியில் கொட்டியது. ஓட்டம் முடித்து வருகிறவர்களுக்கு எப்போதும் அடிப்பதுபோல மாட்டுமணிகளை அடித்தார்கள். கைதட்டினார்கள். 'வா, வா, இன்னும் கொஞ்சம்தான்' என்று ஊரே கூடிக் குரல் கொடுத்தது.

அந்த வெளிச்சத்தைவிட்டு அய்தாவின் சின்ன உருவம் பிரிந்து மேட்டை நோக்கி ஓடி வந்தது. குளிர்ந்து வருகிறவரைப் போர்த்துவதற்காக இரண்டு கைகளிலும் கம்பளியை விரித்துப் பிடித்திருந்தது. நீண்ட மேலங்கி அணிந்தவன் நின்றான். அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள வசதியாக, மெதுவாகக் குனிந்து கொடுத்தான்.