திரையை விலக்கிய மாமி

“இந்தா, உங்கட இடியப்பத்த நீங்களே வைச்சிக்கங்க! அவருக்கு வேணாமாம்!”

பின்வளவுக் குசினி வாசலில் நின்று ஷிஃபானா பீங்கான் தட்டை நீட்டிய வேகத்தில் தேங்காய்ப்பால் சொதி சிந்தியது. ஜெஸீமா பதறிப்போய் வாங்கிக்கொண்டாள். இந்த மகளைக் கட்டிக்கொடுத்த அன்றே பெரிய வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டு, கிண்ணியா வழக்கப்படி பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டவள் அவள்.

“ஏன் புள்ள… மருமகன் தம்பிக்குச் சுகமில்லையா?”

“உங்கட கையால தின்ன விருப்பமில்லையாம். போதுமா?”

ஜெஸீமா பீங்கானைக் குசினித் திண்ணையில் வைத்தாள்.

“அவர்ட வண்டிய என்ட வளவுக்குள்ள கொண்டுவந்து விடச் சொன்னனே, அதச் சொன்னியா? றோட்டுல நிண்டா ராவைக்குக் கல்லெறியிறானுகளே…”

“சொன்னன். மாட்டாராம்!”

மருமகனுக்கு முன்னால் மாமி வருவதில்லை, வாய்விட்டுக் கதைப்பதுமில்லை. நான்கு வருடங்களாக அந்த இருவருக்கும் நடுவில் போய்வந்தது ஷிஃபானாவின் வாய்தான். மண்டபத்துத் திரைக்குக் கீழே தெரியும் கால்களைக் கொண்டே ஜெஸீமா மருமகனை அறிவாள். முன்பு மினுங்கும் ஆமிச் சப்பாத்து. கெப்டன் றுவைஸ்! ஊரே எட்டிப் பார்த்த மாப்பிள்ளை. போன வருடத்திலிருந்து முழங்கால் வரைக்கும் றப்பர் சப்பாத்து.

வெள்ள நிவாரணத்துக்குப் படையோடு சொந்த ஊருக்கு வந்த றுவைஸ், கக்கூஸ் குழியும் குடிக்கிற கிணறும் ஒரே தண்ணீராகக் கிடந்ததைக் கண்டான். அதே வருடம் உத்தியோகத்தை விட்டான். பழைய பவுசர் தாங்கி வண்டி ஒன்றை வாங்கி, நாலு பேரைச் சேர்த்து, மலக்குழி இறைக்கத் தொடங்கினான். வசதியுள்ள வீடு காசு கொடுக்கும். இல்லாத வீட்டுக்குச் சும்மா. அள்ளியதைக் கடலில் கொட்டாமல் பதப்படுத்தி எருவாக்கினான். இப்போது உள்ளூர்ச் சபைத் தேர்தலுக்கும் நிற்கிறான்.

அதுதான் வினையாகிவிட்டது!

வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமியது. மூதூரிலிருந்து ஜெஸீமாவின் அண்ணன் முனாப் காக்கா வந்துவிட்டார். ஜெஸீமா ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் நின்றாள். ஷிஃபானாவும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“இருங்க மாமா,” என்று றுவைஸின் குரல் கேட்டது.

“இருக்க வரல்ல! கெப்டனெண்டு சலூட் அடிச்ச ஊரு, இப்ப மூக்கப் பொத்துது! பெருநாளைக்கு என்ட வீட்டுப் பக்கம் வந்திராதீங்க மருமகன், அத்தர் தீந்துபோகும்!”

“குழி இறைக்கிறது குத்தமா மாமா?”

“எங்கட குடும்பத்துக்குக் குத்தம்தான்! அதுக்குள்ள தேர்தல் வேற! சபைக்குப் போய் என்ன செய்யப் போறீங்க, அங்கயும் குழி இறைக்கவா? பவுசர வித்துப்போட்டு, தேர்தல விட்டு விலகுங்க. இல்லாட்டி இந்த வீட்ட விட்டு வெளிய போங்க. நான் சொல்லல்ல. வீடு குடுத்தவள் என்ட தங்கச்சி. அவள்தான் சொல்லியனுப்பினவள்!”

ஜெஸீமா திரையைப் பற்றிக்கொண்டாள். நானா?

“தெரியும் மாமா,” என்றான் றுவைஸ். “வண்டிய வளவுக்குள்ள ஏத்தாத எண்டு மாமி சொல்லியனுப்பினா. நான் திண்ட பீங்கானைக் கழுவ அருவருப்பா இருக்கெண்டும் சொல்லியனுப்பினா. மறுகா அவவின்ட இடியப்பம் எப்பிடி எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கும்? நான் தாயில்லாம வளந்தவன்… ஊர் ஆயிரம் கதைக்கட்டும், எனக்கு நோகாது. மாமியும் அப்பிடிச் சொன்னா… எனக்குத் தாங்க ஏலாது. நான் போறன்.”

ஜெஸீமா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷிஃபானாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“நானாடி சொன்னன்?… நானா?”

“உம்மா… மெதுவா… வெளிய போயிராதீங்க உம்மா!”

திரைக்குக் கீழே அந்த றப்பர் சப்பாத்து வாசல் பக்கம் திரும்பியது. ஒரு அடி வைத்தது.

ஜெஸீமா மகளின் கையை உதறினாள். முக்காட்டை இழுத்துவிட்டுத் திரையை விலக்கினாள்.

“நில்லுங்க தம்பி!”

முனாப் துள்ளிக் குதித்தார். “வெக்கமில்லையா உனக்கு! மருமகனுக்கு முன்னால வந்து நிக்கிறியே!”

“வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தானே காக்கா என்ட கதை அடுத்த வாயால போய் நஞ்சாச்சு! அதுல ஒரு சொல்லுக்கூட என்ட சொல்லில்ல. அல்லாஹ் அறிய இல்ல!”

“அதுக்காக, கக்கூஸ் அள்ளுறவனுக்கு வீடு குடுத்து வைச்சிருக்கப் போறியா?”

ஜெஸீமா சிரித்தாள். கண் நிறைந்து வழிந்தது.

“குவைத்துல நான் சமையல் வேலை செஞ்சனெண்டுதானே ஊரெல்லாம் சொன்னீங்க காக்கா? பதினொரு வருசம் கக்கூஸ் கழுவினனான்! மூணு மாடி வீட்டுக் கக்கூசெல்லாம் இந்தக் கையாலதான்! அந்தச் சம்பளத்துலதான் இந்தச் சுவர் எழும்பினது. மணக்குதா? மூக்கப் பொத்துங்க காக்கா, பொத்துங்க!”

முனாப் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

“பாப்பம்! ஊர்ல ஒரு வோட்டும் விழாது!”

“ஒண்டு விழும் காக்கா. என்ட வோட்டு.”

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. ஷிஃபானா உம்மாவின் காலடியில் சரிந்தாள்.

“பெண்டுகள் எல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிறாளுகள் உம்மா… உங்களுக்கும் வெறுப்பெண்டு நினைச்சா அவர் திரும்ப யூனிபோமைப் போட்டிருவாரெண்டு… மாமாவுக்கும் உங்கட பேரச் சொல்லி நான்தான் கோல் எடுத்தன்…”

“எனக்கிட்ட அழாத. அவர்ட்டச் சொல்லு. உன்ட வாயாலதான் கெட்டது, அந்த வாயாலயே சொல்லு!”

ஷிஃபானா எழுந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, விக்கி விக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். றுவைஸின் முகத்தில் கோபம் ஏறியது, இறங்கியது, பிறகு களைப்பு மட்டும் மிஞ்சியது.

“கேற்றைத் திற ஷிஃபானா. மாமியின்ட வளவுக்குள்ள வண்டிய எடுக்கப் போறன்.”

நேற்றுவரை அந்த வண்டியைக் கண்டாலே மூக்கைப் பொத்தியவள், ஓடிப்போய்க் கேற்றை அகலத் திறந்தாள். பவுசர் உள்ளே வந்தது. முன்கண்ணாடி சிதறிப் போயிருந்தது.

அதுவரை அவன் பக்கம் பாராமலே நின்ற ஜெஸீமா, இறங்கி வந்தவனை முதன்முதலாக முகத்துக்கு முகம் பார்த்தாள். புருவத்துக்கு மேலே காயம், இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“யா அல்லாஹ்! கல்லு பட்டதா? நேத்து ராவா? இதை எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லயே…”

“நீங்க தெரிஞ்சும் கேக்கல்ல எண்டு நினைச்சன், மாமி.”

அவ்வளவுதான். முந்தானையை நனைத்து அவன் நெற்றியைத் துடைக்கும்போது ஜெஸீமா உடைந்து அழுதாள். ஷிஃபானா பின்னாலிருந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

சொதியைச் சூடாக்கி ஜெஸீமாவே பீங்கானைக் கொண்டுவந்து மருமகனுக்கு முன்னால் வைத்தாள். ஷிஃபானா மண்டபத்துத் திரையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“இதைத் துவைச்சிட்டு எப்ப உம்மா திரும்பப் போடுறது?”

ஜெஸீமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டா மகன்?” என்று றுவைஸைக் கேட்டாள்.